வீணைக்கு விலை சொல்லும் முன் பெட்டியை அளந்துவிடுங்கள்: சென்னையிலிருந்து இசைக்கருவி அனுப்புவோருக்கு

டொராண்டோவிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் "வீணை என்ன விலை?" என்று கேட்கிறார். கடைக்காரர் கருவியின் விலையைச் சொல்கிறார், பணம் வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் கூரியர்காரரைக் கூப்பிட்டு அனுப்பும் செலவைக் கேட்கிறார்கள். சென்னையில் நடக்கும் பெரும்பாலான நஷ்டங்களும் மனக்கசப்புகளும் இந்த வரிசை மாறியதால் வருபவை. வாங்குபவர் கையில் கருவி சேரும்போது அவர் கொடுத்திருக்கும் மொத்தத் தொகையில் நான்கு பங்கு உண்டு: கருவியின் விலை, சரக்குக் கட்டணம், அந்த நாட்டுச் சுங்க வரி மற்றும் விற்பனை வரி, அந்த வரியை வாங்குபவருக்காக முன்கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் வசூலிக்கும் கட்டணம். நான்கையும் கூட்டிச் சொன்ன பிறகு பணம் வாங்குங்கள்.

எடையைவிடப் பெட்டியின் அளவு

கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையையும் பெட்டியின் பருமனுக்கு உரிய எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்கும். பரும எடைக்கான கணக்கு: நீளம் × அகலம் × உயரம், எல்லாம் செ.மீ.யில், வகுத்தல் 5000. ஏர் கார்கோவில் வகுக்கும் எண் 6000.

ஒரு வீணையை எடுத்துக்கொள்வோம். கருவியின் எடை ஏழெட்டுக் கிலோ. பிளைவுட் பெட்டியும் ஃபோமும் சேர்ந்தால் இருபது கிலோவை ஒட்டி வரும். பெட்டி 142 × 46 × 46 செ.மீ. என்றால் பரும எடை 60 கிலோ. அதே வீணையின் சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றி, தண்டிக்கு (வீணையின் நீண்ட கழுத்துக்கு) கீழே இருக்கும் காலி இடத்தில் வைத்து, பெட்டியை 142 × 42 × 42 ஆக்கினால் பரும எடை 50 கிலோ. இரண்டு பக்கத்தில் நான்கு நான்கு செ.மீ. குறைத்ததற்குப் பத்துக் கிலோ மிச்சம். கிலோவுக்கு ₹600 என்று வைத்துக்கொண்டாலும் ₹6,000. அதனால் ஆசாரியிடம் பெட்டிக்கு அளவு கொடுக்கும்போது 'கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்' என்று சொல்லிவிடாதீர்கள். உள் அளவையும் வெளி அளவையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். கூரியர் அளப்பது வெளி அளவை. பெட்டியின் நீளம் அந்த நிறுவனம் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால் தனியாக ஒரு கூடுதல் கட்டணமும் விழும். வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், அளவைச் சொல்லி எழுத்தில் விலை வாங்குங்கள்.

மிருதங்கத்துக்கு 68 × 36 × 36 போதும். பரும எடை 17.6 கிலோ. கருவியோ பெட்டியோடு சேர்ந்து பன்னிரண்டு கிலோவைத் தாண்டாது.

தபாலில் அனுப்பலாமா என்றால், வீணைக்கு வழியில்லை. சர்வதேசப் பார்சலுக்குப் பொதுவான வரம்பு ஒரு பக்கம் 1.5 மீட்டர், நீளமும் சுற்றளவும் சேர்ந்து 3 மீட்டர். மேலே சொன்ன ஒல்லியான பெட்டிக்கே 142 + 168 = 310 செ.மீ. வருகிறது. பல நாடுகள் 1.05 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் மேல் ஏற்பதில்லை. அங்கே மிருதங்கப் பெட்டியே 12 செ.மீ. அதிகம். புல்லாங்குழல், மோர்சிங், தந்திக் கட்டு, சலங்கை, கஞ்சிரா போன்றவற்றுக்குத் தபால்தான் மலிவு. அஞ்சல்துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா தளத்தில் தபால் ஏற்றுமதிப் பில்லை வீட்டிலிருந்தே போடலாம்.

கப்பல்? எல்சிஎல் சரக்கில் (ஒரு கன்டெய்னரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையில்) குறைந்தபட்சமாக 1 கன மீட்டருக்குப் பணம் வாங்குவார்கள். ஒரு வீணைப் பெட்டி கால் கன மீட்டர்தான். இசைப்பள்ளிக்கு நான்கைந்து கருவிகள் சேர்ந்து போனால் ஒழிய கட்டுப்படியாகாது. கடல் கட்டணம் குறைவாகத் தெரியும். ஆனால் இறங்கும் துறைமுகத்தில் கிடங்குக் கட்டணமும் ஏஜெண்ட் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழும். இன்னொன்று: வீணையின் 24 மெட்டுகளும் (சுரம் பிடிக்கும் உலோகக் கட்டைகள்) மெழுகில் பதித்தவை. சித்திரை வெயிலில் யார்டில் நிற்கும் கன்டெய்னருக்குள் மெழுகு இளகி மெட்டு சரிந்தால், அங்கே மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மறுபடி சுருதிக்குப் பதிக்க, ஆள் கிடைக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வீணையைக் கப்பலில் ஏற்றாதீர்கள்.

கட்டும் விதம்

வீணை உடைவது பெரும்பாலும் பாகங்களை ஒட்டிச் செய்த ஒட்டு வீணையில், குடமும் தண்டியும் சேரும் இடத்தில். பெட்டி தலைகீழாக விழும்போது குடம் நிற்கிறது, தண்டி அசைகிறது, ஒட்டு விட்டுப்போகிறது. தண்டியின் அடியில் ஃபோம் துண்டுகளை மூன்று இடத்தில் வெட்டி வைத்து, தண்டி எந்தப் பக்கமும் ஒரு விரல்கூட நகராதபடி செய்யுங்கள். யாளி முகத்தைச் சுற்றிக் காலியாக இருக்கட்டும். அது பெட்டிச் சுவரைத் தொடக்கூடாது. தந்திகளைத் தளர்த்துங்கள். முழுதும் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை விழுந்து பலகையைக் கீறும், ஆகவே குதிரை நிற்கும் இடத்தைக் காகித டேப்பில் குறித்துவிட்டு அதைக் கழற்றித் தனியே சுற்றி, சுரைக்காயோடு சேர்த்துக் கட்டுங்கள். பிரடைகளை (தந்தியை முறுக்கும் முளைகளை) சுற்றித் துணி நாடா. குதிரையும் சுரைக்காயும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி மேலேயே வையுங்கள். குப்பை என்று நினைத்துக் குதிரையைத் தெர்மகோலோடு வீசிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மிருதங்கத்துக்குத் தொப்பியில் (இடப்பக்க முகத்தில்) அப்பிய ரவையைச் சுத்தமாகச் சுரண்டி, துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிட்ட பிறகே மூடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி வரும். வலந்தலையின் (வலப்பக்க முகத்தின்) நடுவில் இருக்கும் கருப்புச் சாதம் அடிபட்டால் துகளாக உதிரும். தோலின் மீது நேராக ஃபோமை அழுத்தாமல், விளிம்பில் மட்டும் உட்காரும் வட்ட அட்டையை வைத்து அதன் மேல் ஃபோம் வையுங்கள்.

கடத்துக்கு இரட்டைப் பெட்டி. உள்ளே காகிதம் திணித்து, வெளியே ஐந்து செ.மீ. ஃபோம். மானாமதுரையிலிருந்து வைக்கோல் சுற்றி வந்த கடத்தை அப்படியே வெளிநாட்டுப் பெட்டிக்கு மாற்றிவிடாதீர்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் தாவரத் தடுப்பு அதிகாரிகள் வைக்கோலைக் கண்டாலே பெட்டியை நிறுத்துவார்கள். ஒரே ஒரு வைக்கோல் தாள் ஒட்டியிருந்தாலும் போதும்.

மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி உண்டு; மரத்தோடு பூச்சி போகாமல் தடுக்க. பச்சைப் பலகையில் அடித்த பெட்டி என்றால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடுபடுத்தப்பட்டு, கோதுமைக் கதிர் முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு இது தேவையில்லை. ஆனால் பிளைவுட் பெட்டியின் உள்ளே மூலைக்கு மூலை அடித்த சாதாரண ரீப்பருக்கு (மரச்சட்டத்துக்கு) விதி பொருந்தும், மாட்டிக்கொள்வது அங்கேதான். பிளைவுட்டையே கீற்றாக வெட்டி மூலைச்சட்டம் ஆக்கிக்கொண்டால் கேள்வி எழாது.

நம் பக்கத்துக் காகிதங்கள்

விற்பனைக்காக அனுப்ப ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதி செய்வோருக்கான பதிவு எண்) வேண்டும். டிஜிஎஃப்டி என்ற வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் ₹500 கட்டணம். உங்கள் பான் எண்ணே ஐஇசி எண்ணாக வரும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை உள்ளே போய் விவரத்தை உறுதிப்படுத்தாவிட்டால் அது முடங்கிவிடும். அனுப்பும் நாளில்தான் இது தெரியவரும். அடுத்து வங்கியிடம் ஏடி கோடு (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண்) கடிதம் வாங்கி, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். முன்பணமாக வரும் தொகைக்கு வங்கி நோக்கக் குறியீடு கேட்டால் பி0103 என்று கொடுங்கள். தனிநபர் பணம் அனுப்பியதாகப் பதிவாகிவிட்டால் பிறகு ஷிப்பிங் பில்லோடு (சுங்கத்தில் தரும் ஏற்றுமதி அறிவிப்போடு) இணைக்கப் பெரும் பாடு.

கூரியரில் போகும்போது அவர்கள் இரண்டு வகைப் பில் போடுவார்கள். அன்பளிப்புக்கும் சாம்பிளுக்கும் சிஎஸ்பி-4, விற்பனைக்கு சிஎஸ்பி-5. ஊழியர் அவசரத்தில் நான்கைப் போட்டுவிடுவார். விற்ற பொருளை நான்கில் அனுப்பினால், வங்கிக் கணக்கில் வந்த பணத்துக்கு ஏற்றுமதி ஆதாரம் இருக்காது. எந்தப் பில் என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஏர் கார்கோ என்றால் மீனம்பாக்கத்தில் சிஎச்ஏ எனும் சுங்க முகவர் மூலம் முறையான ஷிப்பிங் பில்.

கையால் செய்யும் நம் பாரம்பரியக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. அவற்றுக்கு பில் ஆஃப் சப்ளை (வரியில்லாப் பொருளுக்கான பில்) போதும், எல்யுடி எனும் உறுதிமொழிக் கடிதம் தேவையில்லை. எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டிக்கு வரி உண்டு. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யுடி போட்டு, ஏப்ரல்தோறும் புதுப்பிக்க வேண்டும். சுருதிப்பெட்டியில் லித்தியம் பேட்டரி இருந்தால் அறிவித்தே ஆகவேண்டும். முடிந்தால் பேட்டரி இல்லாமல் அனுப்புங்கள்.

சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் கோடில் தவறினால் வரி மாறும். வீணை, தம்புரா 9202 90. வயலின் 9202 10. புல்லாங்குழல், நாதஸ்வரம், ஆர்மோனியம் 9205 90. மிருதங்கம், கடம், கஞ்சிரா, தவில் 9206. மின்சாரத்தில் ஒலிப்பவை 9207. தனியாகப் போகும் தந்திகள் 9209 30. உறை விஷயத்தில் பலர் தெரியாமல் பணம் இழக்கிறார்கள். கருவிக்கென்றே அளவெடுத்துச் செய்த பெட்டியோ உறையோ கருவியோடு சேர்ந்து போனால், அதுவும் கருவியின் தலைப்பிலேயே அடங்கும். இன்வாய்ஸில் அதைத் தனி வரியாக, தனி விலையோடு எழுதினால் பைகளுக்கான 4202 தலைப்புக்குப் போய்விடும். பல நாடுகளில் அதற்கு வரி மிக அதிகம். 'உறையுடன் கூடிய மிருதங்கம்' என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

அந்தப் பக்கத்து வரியைக் கணக்கிட

முதலில் பார்க்க வேண்டியது அந்த நாடு எந்தத் தொகையின் மீது வரி போடுகிறது என்பது. அமெரிக்காவும் கனடாவும் சரக்குக் கட்டணத்தைச் சேர்க்காமல் பொருளின் விலை மீது சுங்கம் போடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், சிங்கப்பூர் ஆகியவை சரக்கும் காப்பீடும் சேர்த்த தொகையில் கணக்கிடும். அதனால் அமெரிக்காவுக்குப் போகும் இன்வாய்ஸில் கருவி விலை, சரக்கு, காப்பீடு மூன்றையும் பிரித்து எழுதுவது பணத்தை மிச்சப்படுத்தும். எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதினால் மொத்தத்துக்கும் வரி.

கணக்குக்காக வீணை ₹60,000, சரக்கும் காப்பீடும் ₹40,000 என்று கொள்வோம். பாரிஸுக்குப் போனால்: 1,00,000-க்கு 3.2% சுங்கம் ₹3,200, அதையும் சேர்த்த 1,03,200-க்கு 20% வாட் ₹20,640, மொத்தம் ₹23,840. இதன் மேல் கூரியரின் கட்டணம். சுங்கம் சிறியது, வாட்தான் பெரியது. 'இசைக்கருவிக்கு வரி கம்மி' என்று சொல்லிவிட்டுப் பிறகு வாங்குபவரிடம் திட்டு வாங்குவது இதனால்தான். சிங்கப்பூரில் இசைக்கருவிக்குச் சுங்கமே இல்லை. 9% ஜிஎஸ்டி மட்டும், அதாவது ₹9,000. கனடாவின் ஒன்டாரியோவில் கருவி இறங்கினால் 13% எச்எஸ்டி எனும் விற்பனை வரி. பிரிட்டனில் 135 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குச் சுங்கமும் 20% வாட்டும்.

அமெரிக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 800 டாலர் வரை வரியில்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் எல்லா நாடுகளுக்கும் முடிந்துவிட்டது. அந்தப் பழைய நினைப்பில் இன்னமும் விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் கருவிகளுக்கு அங்கே அடிப்படைச் சுங்கம் 5% அளவில்தான்; ஆனால் 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 25%, மறுபடி 25% எனக் கூடுதல் வரி ஏறியபோது அதே ₹60,000 வீணைக்குக் கூடுதல் வரி மட்டும் ₹30,000 ஆனது. கூடுதல் வரி அரசியலோடு ஏறி இறங்குவது. விலைப்பட்டியலில் அதை அச்சடிக்காதீர்கள். பெட்டி கிளம்பும் வாரத்தில் கூரியரிடம் அன்றைய விகிதத்தை எழுத்தில் கேட்டு, விலைப்புள்ளி ஏழு நாளுக்கு மட்டுமே செல்லும் என்று குறிப்பிடுங்கள்.

மரத்தின் அறிவியல் பெயரையும் அது வளர்ந்த நாட்டையும் அமெரிக்கா கேட்கும். பலாவுக்கு ஆர்ட்டோகார்ப்பஸ் ஹெட்டரோஃபில்லஸ், நாதஸ்வரத்தின் ஆச்சாவுக்கு ஹார்ட்விக்கியா பைனாட்டா, ஈட்டிக்கு டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. இன்வாய்ஸிலேயே எழுதிவிட்டால் அங்கிருந்து மின்னஞ்சல் வந்து பெட்டி நான்கு நாள் கிடப்பது மிச்சம்.

வரியை யார் கட்டுவது? டிடிபி என்றால் நீங்கள், டிஏபி என்றால் வாங்குபவர். ஒற்றைக் கருவிக்கு டிடிபிதான் நல்லது, வரியை முன்பே வசூலித்துக்கொள்ளுங்கள். டிஏபி-யில் வாங்குபவர் வரித்தொகையைப் பார்த்துவிட்டுப் பெட்டி வேண்டாம் என்று சொன்னால், திரும்பி வரும் சரக்குக் கட்டணம் உங்களுடையது. அப்படித் திரும்பும் கருவியை மூன்று ஆண்டுக்குள் சலுகையில் இறக்கலாம். அதற்கு இது நீங்கள் அனுப்பிய அதே கருவிதான் என்று காட்ட வேண்டும்; ஆகவே ஒவ்வொரு கருவியிலும் உள்பக்கம் ஒரு எண் பொறித்து, அந்த எண்ணையே இன்வாய்ஸிலும் ஷிப்பிங் பில்லிலும் எழுதுங்கள்.

'அன்பளிப்பு என்று போட்டு, விலையை ₹5,000 என்று எழுதுங்களேன்' என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். பொய் விலை சுங்கச் சட்டப்படி குற்றம். அது போக, வழியில் குடம் விரிந்தால் காப்பீடு கொடுப்பது அந்த ₹5,000 மட்டும்தான்.

அனுப்பவே கூடாதவை

உடும்புத் தோல் போட்ட கஞ்சிரா. உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும், அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனும் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பிற்சேர்க்கையிலும் இருக்கிறது. விற்பதும் அனுப்புவதும் சிறைக்குப் போகும் காரியம், 'பழைய தோல்' என்பது பதிலாகாது. ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் போட்டதை அனுப்புங்கள். இன்வாய்ஸில் எந்தத் தோல் என்று எழுதுங்கள்.

பழைய வீணைகளில் தந்தமும் மான் கொம்பும் இருக்கும். அவற்றோடு வெளியே போக முடியாது. புது வீணையில் வெள்ளை அலங்காரம் பிளாஸ்டிக்தான், ஆனால் ஸ்கேனரில் பார்ப்பவருக்கு அது தெரியாது. 'பிளாஸ்டிக் பதிப்பு, தந்தம் இல்லை' என்று இன்வாய்ஸில் ஒரு வரியும், கிட்டத்தில் எடுத்த இரண்டு படங்களும் போதும். நூறாண்டு கடந்த கருவி தொல்பொருள் சட்டத்தில் வரும், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. பார்ப்பதற்குப் பழையதாகத் தெரியும் ஆனால் நூறாண்டு ஆகாத வீணைக்கு, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அந்தத் துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது.

ஈட்டி மரம் பற்றிய பயம் இப்போது குறைந்திருக்கிறது. 2017 ஜனவரியில் எல்லா டால்பெர்ஜியா மரங்களும் சைட்டிஸ் இரண்டாம் பிற்சேர்க்கைக்குள் வந்தன. 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடித்த பாகங்களுக்கும் விலக்கு. முடிக்காத பலகையோ, பாதி செதுக்கிய தண்டியோ இந்த விலக்கில் வராது. பிரேசில் ஈட்டி முதல் பிற்சேர்க்கையில் இருப்பதால் அதற்கும் விலக்கு இல்லை.

மூங்கில், தோல், சீவாளி (நாதஸ்வரத்தின் ஊதும் நாணல்) எதுவானாலும் ஆஸ்திரேலியாவுக்கு மறைக்காமல் அறிவித்து அனுப்புங்கள். மூங்கிலில் துளைப்புழுவின் தூள் தெரிந்தாலோ தோலில் ரோமம் இருந்தாலோ வாங்குபவர் செலவில் மருந்தடிப்பார்கள், இல்லையேல் அழித்துவிடுவார்கள். புல்லாங்குழலை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மஞ்சள் மாவு உதிர்ந்தால் அந்தக் குழல் போக வேண்டாம்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும்

வாங்குபவருக்கு மூன்று விஷயம் முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். பெட்டியை ஆறு பக்கமும் படமெடுத்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். நசுங்கல் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுத வேண்டும். பனிக்காலம் என்றால் பெட்டியைப் பிரிக்காமல் அறைக்குள் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும், மரமும் மெழுகும் அறைச் சூட்டுக்கு மெதுவாக வரட்டும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பலகை வெடிக்கும், வலந்தலைத் தோல் இறுகிக் கிழியும். பிறகு குதிரையை டேப் குறியில் நிறுத்தி, ஏழு தந்திகளையும் ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்ற வேண்டும். உடைந்திருந்தால் பெட்டியையும் ஃபோமையும் வீசாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.